இரண்டு தொலை சர்வர்கள், நடுவில் என் லேப்டாப்: ஆர்சிங்க் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது

#1 ஆந்தைவிழி

வணக்கம். இரண்டு நாளாக மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன், கொஞ்சம் நீளமாகக் கேட்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மொபைலில் தட்டுவதால் கட்டளைகளை அப்படியே ஒட்ட முடியவில்லை, வாயால் சொல்வதுபோல எழுதுகிறேன்.

என்னிடம் இரண்டு சர்வர்கள். பழையதில் ஓடுவது டெபியன் லினக்ஸ், புதியதில் இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை உள்ள வட்டுடன் ஃப்ரீபிஎஸ்டி. இரண்டும் வேறு வேறு தரவு மையங்களில் இருக்கின்றன. இரண்டிலும் என் லேப்டாப்பிலிருந்து எஸ்எஸ்ஹெச் (மறையாக்கிய தொலை இணைப்பு) வழியாக நுழைவேன். பழைய சர்வரில் ஸ்கேன் செய்த பக்கங்கள் சுமார் 400 ஜிபி, கோப்புக் கணக்கில் 11 லட்சத்தைத் தாண்டும். தினமும் புதிது சேரும், சில திருத்தப்படும், எப்போதாவது ஒன்றிரண்டு அழிக்கப்படும். ஒவ்வொரு இரவும் இது புதிய சர்வருக்கு அப்படியே வந்து சேர வேண்டும். கூடவே ஒரு சின்ன மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸும் உண்டு.

லேப்டாப்பில் உட்கார்ந்து, மாறியதை மட்டும் நகலெடுக்கும் ஆர்சிங்க் கட்டளையில் மூலமாகப் பழைய சர்வரையும் சேருமிடமாகப் புதிய சர்வரையும் கொடுத்தேன். மூலம், சேருமிடம் இரண்டுமே தொலைவில் இருக்க முடியாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. வேறு வழி தெரியாமல் முழுவதையும் ஒரு வெளி வட்டில் இறக்கி, அங்கிருந்து எஸ்சிபி (எஸ்எஸ்ஹெச் வழியாக நகலெடுக்கும் கட்டளை) போட்டு புதிய சர்வருக்கு ஏற்றினேன். ஐந்து இரவு ஆனது. தினமும் செய்கிற காரியமா இது?

நடுவில் லேப்டாப் இல்லாமல், பாஸ்வேர்டைக் கிரான் (குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டுவது) வரிக்குள் எழுதி வைக்காமல், பாதுகாப்பாகச் செய்ய என்ன வழி?

#2 கருந்திரை

ஆர்சிங்க் அப்படித்தான். அது பிடிவாதம் இல்லை, அதன் கட்டமைப்பே அப்படி. நீங்கள் ஆர்சிங்க் என்று தட்டும்போது ஓடுவது ஒரு நிரல் அல்ல, ஒரு ஜோடி. ஒன்று நீங்கள் இருக்கும் கணினியில் ஓடும். அது எஸ்எஸ்ஹெச்சைக் கூப்பிட்டு, அந்தப் பக்கம் இன்னொரு ஆர்சிங்கைச் சர்வர் முறையில் எழுப்பும். இரண்டும் அந்தக் குழாய் வழியாகப் பேசிக்கொள்ளும். பெறுகிற பக்கம் தன்னிடம் உள்ள கோப்பைத் துண்டு துண்டாக்கி ஒவ்வொரு துண்டுக்கும் செக்சம் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண்) அனுப்பும். அனுப்புகிற பக்கம் அதைத் தன் கோப்பின் மேல் ஒவ்வொரு பைட்டாக நகர்த்திப் பார்த்து, பொருந்தாத இடத்தை மட்டும் அனுப்பும். ஆண்ட்ரூ ட்ரிட்ஜெலும் பால் மெக்கராஸும் 1996இல் வெளியிட்டதிலிருந்து அடிப்படை இதுதான். ஜோடியில் ஒன்று உங்கள் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். அதனால்தான் மூன்றாம் இடத்தில் நின்றுகொண்டு இருவரைக் கோத்துவிட முடிவதில்லை.

விடை எளிது. இரண்டில் ஒரு சர்வருக்குள் நுழைந்து, அங்கிருந்து கட்டளையை ஓட்டுங்கள். தரவு நேராக சர்வரிலிருந்து சர்வருக்குப் போகும், லேப்டாப்பை மூடிவிட்டுத் தூங்கலாம்.

ஒன்றை ஒன்று நேரடியாக எட்ட முடியாத சர்வர்கள் என்றால் லேப்டாப் வழியாக ரிவர்ஸ் டனல் (எஸ்எஸ்ஹெச்சுக்குள் ஒரு சுரங்கப் பாதை) போடலாம். ஆனால் அப்போது ஒவ்வொரு பைட்டும் உங்கள் வீட்டு இணைப்பு வழியாகத்தான் போய் வரும். உங்களுக்கு அது தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

#3 மின்மினி

இதற்கு ஏன் இவ்வளவு? லேப்டாப்பிலிருந்து பெரிய எழுத்து ஏ ஆப்ஷன் போட்டு பழைய சர்வருக்குள் நுழையுங்கள். ஏஜென்ட் (சாவியை வைத்திருக்கும் நிரல்) ஃபார்வர்டிங் ஆகிவிடும், அங்கிருந்து புதிய சர்வருக்கு உங்கள் எஸ்எஸ்ஹெச் சாவியே (பாஸ்வேர்டுக்குப் பதிலான கோப்பு) வேலை செய்யும். சர்வரில் சாவி எதையும் வைக்கத் தேவையில்லை. நான் வருஷக்கணக்காக இப்படித்தான் செய்கிறேன்.

#4 பழைய_ஏணி

மின்மினி, ஒருமுறை கையால் ஓட்டுவதற்குச் சரி. தினமும் இரவில் லேப்டாப் இல்லாமல் ஓட வேண்டும் என்கிறார், அங்கே ஏஜென்ட் எங்கிருந்து வரும்?

அதை விடுங்கள், ஏஜென்ட் ஃபார்வர்டிங்கை இவ்வளவு லேசாகச் சொல்வது எனக்கு உவப்பில்லை. நீங்கள் பழைய சர்வருக்குள் இருக்கும் நேரம் முழுக்க அங்கே ஒரு சாக்கெட் கோப்பு திறந்திருக்கும். அந்தச் சர்வரில் ரூட் (முழு நிர்வாகி) அதிகாரம் உள்ள யாரும் அதைப் பயன்படுத்தி, உங்கள் சாவி திறக்கும் எல்லாக் கதவையும் திறக்கலாம். சாவியைத் திருட முடியாது, உண்மை. ஆனால் நீங்கள் நிற்கும்போதே உங்கள் கையைப் பிடித்துக் கையெழுத்துப் போடவைக்கலாம். 2022இல் வந்த ஓபன்எஸ்எஸ்ஹெச் 8.9இல், எந்த ஹோஸ்ட் வரை சாவி செல்லும் என்று கட்டுப்படுத்தும் வசதி வந்துவிட்டது. ஆனால் அதை அமைத்து வைத்திருப்பவரை நான் இன்னும் நேரில் பார்க்கவில்லை. நடுவில் ஒரு சர்வரைத் தாண்டிப் போவதுதான் நோக்கம் என்றால் பிராக்ஸிஜம்ப் போதும், அதில் நடு சர்வருக்கு ஏஜென்ட் கண்ணிலேயே படாது.

ஆந்தைவிழி, உங்கள் கேள்வியில் எந்தக் கருவி என்பதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது: சாவி யார் கையில் இருக்கப்போகிறது?

பழைய சர்வரிலிருந்து புதியதற்குத் தள்ளினால், புதிய சர்வரில் எழுதவும் அழிக்கவும் வல்ல ஒரு சாவி பழைய சர்வரில் படுத்திருக்கும். கிரானில் ஓடுவதால் அதற்குப் பாஸ்ஃப்ரேஸும் (சாவியைப் பூட்டும் கடவுச்சொல்) இருக்காது. பழைய சர்வரில்தான் வெப்சைட், அப்லோடு, ஊர்பேர் தெரியாத பிளகின் எல்லாம் இருக்கும். அதற்குள் எவனாவது நுழைந்தால் பிரதியும் சேர்ந்து போய்விடும். ஆகவே திருப்பிப் போடுங்கள். புதிய சர்வர் இழுக்கட்டும், பழையது வெறுமனே கொடுக்கட்டும். புதிய சர்வரில் இருக்கும் சாவிக்குப் பழையதில் படிக்க மட்டும்தான் உரிமை, அதுவும் ஒரே ஒரு ஃபோல்டரை.

செய்முறை இதுதான். புதிய சர்வரில் இந்த வேலைக்கென்று ஒரு தனி எட்25519 வகைச் சாவி. உங்கள் சொந்தச் சாவியை இதில் இழுக்காதீர்கள். பழைய சர்வரில் தனி யூசர் ஒன்று, ஸ்கேன் ஃபோல்டரைப் படிக்கிற குரூப்பில் மட்டும் சேருங்கள். அந்த யூசரின் ஆத்தரைஸ்டு கீஸ் (அனுமதித்த சாவிகள்) கோப்பில் பொதுச் சாவி வரியின் தொடக்கத்தில் மூன்று விஷயம் எழுத வேண்டும். முதலில் 'ஃப்ரம்' போட்டு புதிய சர்வரின் ஐபி. அடுத்து 'ரெஸ்ட்ரிக்ட்'. டெர்மினல், போர்ட் ஃபார்வர்டிங், ஏஜென்ட் எல்லாவற்றையும் அந்த ஒரு சொல் மூடிவிடும். கடைசியாக 'கமாண்ட்' என்று போட்டு ஆர்ஆர்சிங்க் (ஆர்சிங்கை ஒரே ஃபோல்டருக்குள் கட்டிப்போடும்) ஸ்கிரிப்ட், அதற்குப் படிக்க-மட்டும் ஆப்ஷன், பிறகு ஃபோல்டர் பாதை. இதற்கப்புறம் அந்தச் சாவியை வைத்து யார் எதைக் கேட்டாலும், ஆர்ஆர்சிங்க் மட்டும்தான் கதவைத் திறக்கும்.

ஆர்ஆர்சிங்க் ஆர்சிங்குடனே வருகிறது. புதிய டெபியனில் நேரடியாகக் கட்டளையாகவே கிடைக்கும். பழையது என்றால் ஆர்சிங்க் தொகுப்பின் ஆவண ஃபோல்டருக்குள் எங்காவது ஜிசிப் ஆகிக் கிடக்கும், தேடி எடுங்கள்.

ஒரு எச்சரிக்கை, எல்லோரும் ஒருமுறை விழுகிற குழி. ஆர்ஆர்சிங்கில் பாதையை ஏற்கெனவே சொல்லிவிட்டதால், இழுக்கிற பக்கம் முழுப் பாதையையும் மறுபடி கொடுத்தால் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு 'அப்படி ஒன்று இல்லை' என்று வரும். சர்வர் பெயர், கோலன், அப்புறம் வெறும் சாய்கோடு. அவ்வளவுதான்.

#5 வடம்பிடிப்பவர்

முதல் முறை இணையும்போது ஹோஸ்ட் கீயின் (சர்வரின் அடையாளச் சாவி) கைரேகையைக் காட்டி 'சரியா' என்று கேட்குமே, அதற்குக் கண்ணை மூடிக்கொண்டு யெஸ் தட்டாதீர்கள். கீஸ்கேன் கட்டளையில் இழுத்து அப்படியே நோன் ஹோஸ்ட்ஸில் (நம்பும் சர்வர்களின் பட்டியல்) போடுவதும் கண்ணை மூடியதற்குச் சமம்தான், நடுவில் எவன் நின்றாலும் அவன் சாவியைத்தான் அது வாங்கி வைக்கும். ஏற்கெனவே நம்புகிற வழியில், உதாரணமாக ஹோஸ்டிங் கன்சோலில், பழைய சர்வருக்குள் போய் கைரேகையைப் பார்த்து ஒப்பிடுங்கள். இரண்டு நிமிஷ வேலை, ஆனால் மறையாக்கம் யாரோடு என்பதை நிர்ணயிப்பது அந்த இரண்டு நிமிஷம்தான்.

#6 ஆந்தைவிழி

ஏணி அண்ணா சொன்னபடியே எல்லாம் அமைத்தேன். கைரேகையையும் ஒப்பிட்டாயிற்று. இப்போது வேறு ஒன்று வருகிறது: புரோட்டோகால் வெர்ஷன் மிஸ்மேட்ச், இஸ் யுவர் ஷெல் கிளீன் என்கிறது. இரண்டு பக்கமும் ஆர்சிங்க் 3.2 வரிசைதான். வெர்ஷனில் என்ன மிஸ்மேட்ச்?

#7 கருந்திரை

முதல் பாதியை மறந்துவிடுங்கள், கேள்வியாக இருக்கும் இரண்டாம் பாதிதான் விஷயம். பழைய சர்வரில் அந்த யூசரின் பாஷ்ஆர்சி (ஷெல் தொடங்கும்போது ஓடும்) கோப்பில் ஏதாவது எக்கோ (எழுத்து அச்சிடும் கட்டளை) இருக்கிறதா? வணக்கம், வட்டில் இவ்வளவு இடம் மீதி என்ற மாதிரி? ஆர்சிங்க் முதல் சில பைட்டுகளில் எதிர்ப்பக்கத்தின் புரோட்டோகால் எண்ணை எதிர்பார்க்கும். உங்கள் ஷெல் அங்கே வணக்கம் சொன்னால், அந்த எழுத்துகளையே எண்ணாக நினைத்துக் குழம்பும்.

சோதிக்க: அந்த யூசருக்கு, ஆர்ஆர்சிங்க் கட்டு இல்லாத வேறு சாவியால், எஸ்எஸ்ஹெச் வழியாக, எதையும் செய்யாத 'ட்ரூ' என்ற கட்டளையை மட்டும் ஓட்டி, வெளிவருவதை ஒரு கோப்பில் பிடியுங்கள். கோப்பின் அளவு சுத்தமாகப் பூஜ்யமாக இருக்க வேண்டும். ஒரு பைட் இருந்தாலும் அதுதான் குற்றவாளி.

#8 ஆந்தைவிழி

சொல்லி வைத்ததுபோல 61 பைட்! நான்தான் எப்போதோ எல்லாப் புது யூசருக்கும் வரும்படி ஒரு வரவேற்பு வரி எழுதி வைத்திருந்தேன். தூக்கிவிட்டேன், இணைந்துவிட்டது. நன்றி கருந்திரை.

இன்றிரவே டெலிட் ஆப்ஷனோடு (மூலத்தில் இல்லாததைப் பிரதியிலும் அழிப்பது) ஓட்டிவிடலாம் என்று இருக்கிறேன்.

#9 நெய்தல்நிலா

நில்லுங்கள், நில்லுங்கள். இத்தனை நாள் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இதைப் பார்த்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் கதை. முன்பு வேலை பார்த்த இடத்தில் இதேபோல இரவு ஒத்திசைவு, டெலிட் ஆப்ஷனோடு. இரண்டு வருஷம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஒருநாள் மூல சர்வர் ரீபூட் ஆனது, தரவு வட்டு மவுன்ட் ஆகவில்லை (தன் ஃபோல்டரோடு இணையவில்லை). மவுன்ட் ஆகாவிட்டாலும் அந்த ஃபோல்டர் இருக்கும் அல்லவா, காலியாக? ஆர்சிங்க் பார்த்தது: மூலத்தில் ஒன்றும் இல்லை, ஆகவே இங்கேயும் ஒன்றும் இருக்கக்கூடாது. அதிகாலைக்குள் பிரதியை முழுக்கத் துடைத்துவிட்டு, வெற்றி என்று எக்ஸிட் கோடு 0 கொடுத்துவிட்டுப் போனது. மூலத்தைப் படிப்பதில் ஐஓ பிழை வந்தால் ஆர்சிங்க் தானாகவே அழிப்பதை நிறுத்திவிடும், அதை நம்பித்தான் இருந்தோம். ஆனால் காலி ஃபோல்டர் பிழையே இல்லையே! மூல வட்டு நல்லபடி இருந்ததால் தப்பித்தோம். அன்று அந்த வட்டே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்னும் சில சமயம் நினைத்துக்கொள்வேன்.

அப்புறம் நாங்கள் மூன்று காரியம் செய்தோம். மூல வட்டுக்குள் ஓர் அடையாளக் கோப்பு. முதலில் அதை மட்டும் இழுத்துப் பார்ப்போம், வரவில்லை என்றால் மேற்கொண்டு நகர மாட்டோம். அடுத்து மேக்ஸ்-டெலிட். ஒரு இரவில் 500க்கு மேல் அழிக்க வேண்டிவந்தால் நிறுத்திவிட்டு எக்ஸிட் கோடு 25 கொடுக்கும், அதைப் பிடித்து மெயில் போகும். மூன்றாவது பேக்கப்-டிர். அழிப்பதை உண்மையில் அழிக்காமல் தேதி போட்ட ஒரு ஃபோல்டருக்கு நகர்த்தும்.

முதலில் டிரை ரன் (எதையும் மாற்றாத ஒத்திகை) ஓட்டுங்கள், மாற்றங்களை வரிவரியாகக் காட்டும் ஐட்டமைஸ் ஆப்ஷனும் சேர்த்து. அதன் வெளியீட்டை உட்கார்ந்து படியுங்கள்.

#10 பழைய_ஏணி

நிலா சொன்னதில் ஒரு வரிகூட மிகையில்லை. மூன்றாவதற்கு மட்டும் உங்களிடம் இன்னும் நல்ல வழி இருக்கிறது. புதிய சர்வரில் இசட்எஃப்எஸ் இருக்கிறதே, ஒத்திசைவு தொடங்குவதற்கு முன் ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நேர நிலையின் உறைந்த பிரதி) எடுத்துவிடுங்கள். ஒரு நொடிகூட ஆகாது, மாறிய பகுதிக்கு மட்டும்தான் இடம் பிடிக்கும். அந்த ஸ்னாப்ஷாட்டை அழிக்கும் அதிகாரத்தை ஆர்சிங்க் ஓட்டும் யூசருக்குக் கொடுக்காதீர்கள்.

பாதையின் கடைசியில் வரும் சாய்கோட்டையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மூலத்தில் சாய்கோடு இருந்தால் ஃபோல்டருக்குள் இருப்பவை வரும், இல்லாவிட்டால் ஃபோல்டரே வரும். சேருமிடத்தில் அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

#11 வடம்பிடிப்பவர்

நான் ஒரு கேள்வி கேட்கிறேன், அடிக்க வராதீர்கள். எல்லோரும் ஆர்சிங்கையே பிடித்துக்கொண்டு தொங்குவது ஏன்? சிங்திங், யூனிசன், ஆர்சிங்க் டீமன் (எஸ்எஸ்ஹெச் இல்லாமல் எப்போதும் காத்திருக்கும் வகை) எல்லாம் இருக்கிறதே. எஸ்சிபிகூட இரண்டு தொலை சர்வர்களை ஒரே கட்டளையில் ஏற்கும்.

#12 கருந்திரை

எஸ்சிபி ஏற்கும்தான். ஆனால் 2021இல் வந்த ஓபன்எஸ்எஸ்ஹெச் 8.7 முதல் அப்படிக் கொடுத்தால் தரவு உங்கள் கணினி வழியாகவே போகும். தவிர அது மாறியது எது, மாறாதது எது என்றும் பார்க்காது. தினமும் 400 ஜிபி.

டீமன் 873ஆம் போர்ட்டில் உட்காரும். பாஸ்வேர்டை நேரடியாக அனுப்பாது, அது சரி, ஆனால் கோப்புகள் மறையாக்கம் இல்லாமல் வெட்டவெளியில் போகும். போதாக்குறைக்கு 2025 ஜனவரியில் ஆர்சிங்க் 3.4.0 வந்தபோது சரிசெய்யப்பட்ட ஓட்டைகளில் மிக மோசமானது, டீமனில் படிக்க மட்டும் அனுமதி உள்ளவன்கூட நினைவகத்தில் எல்லை மீறி எழுதக்கூடியது. எஸ்எஸ்ஹெச் வழியாகப் போனாலும் இரண்டு பக்கமும் பேட்ச் ஆகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டிஸ்ட்ரோக்கள் பழைய எண்ணிலேயே திருத்தத்தைப் போட்டிருக்கும், அதனால் 3.2 என்று இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம், பாதுகாப்பு அறிவிப்பில் தேடுங்கள்.

யூனிசன், சிங்திங் இரண்டும் நல்லவைதான், இரண்டு பக்கமும் ஆட்கள் எழுதினால். இங்கே ஒரு பக்கம்தான் எழுதுகிறது. இரு வழிப் பாதை போட்டால் யாரோ தவறுதலாகப் பிரதியில் அழித்தது மூலத்திலும் அழியும். கேட்டு வாங்கிய வினை ஆகிவிடும்.

#13 வடம்பிடிப்பவர்

ஒத்துக்கொண்டேன். அடுத்த இழைக்கு வைத்துக்கொள்கிறேன்.

#14 ஆந்தைவிழி

நிலா சொன்னதைக் கேட்டு டிரை ரன் ஓட்டினேன். நல்லவேளை ஓட்டினேன். ஆனால் எனக்கு இப்போது பைத்தியம் பிடிக்கும் போலிருக்கிறது.

'அட்டைகள்' என்ற ஃபோல்டரில் ஒவ்வொரு கோப்புக்கும் முன்னால் அம்புக்குறி, எஃப், இரண்டு புள்ளி, டி என்று வருகிறது. கோப்பு ஏற்கெனவே இருக்கிறது, நானே ஏற்றினேன், அளவும் அதேதான்.

அது பரவாயில்லை. பக்கங்கள் இருப்பவை 'தொகுதி 1', 'தொகுதி 2' என்று 38 ஃபோல்டர்கள். அவற்றுக்கு என்ன சொல்கிறது தெரியுமா? 'தொகுதி 1'ஐ அழிக்கிறேன் என்கிறது. நாலு வரி தள்ளி, 'தொகுதி 1'ஐப் புதிதாக உருவாக்குகிறேன் என்கிறது. 38க்கும் இதே கதை. அதாவது கிட்டத்தட்ட மொத்தத்தையும் அழித்துவிட்டு மறுபடி இழுக்கப் போகிறது! பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன், இடைவெளிகூட ஒன்றுதான். ஒரே பெயர் எப்படி இரண்டாக இருக்கும்?

#15 நெய்தல்நிலா

இடையில் பயன்படுத்திய வெளி வட்டு மேக்கில் ஃபார்மட் செய்ததா? மேக்கின் பழைய கோப்பு முறைமையான ஹெச்எஃப்எஸ் பிளஸ்ஸா?

#16 ஆந்தைவிழி

ஆமாம்! எப்படித் தெரியும்?

#17 நெய்தல்நிலா

உங்கள் 'தொ' சொன்னது.

யூனிகோடில் 'தொ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம். த-வுக்குப் பின் ஒகர உயிர்க்குறி என்று ஒரே குறியீடாகப் போடலாம். அல்லது ஒற்றைக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று பிரித்து இரண்டு குறியீடாகவும் போடலாம். திரையில் இரண்டும் ஒன்றே, அணுவளவும் வித்தியாசம் தெரியாது. 'தோ'வும் 'தௌ'வும் அப்படித்தான். நாம் தட்டச்சுவது பெரும்பாலும் முதல் வகை. ஹெச்எஃப்எஸ் பிளஸ் கோப்புப் பெயரை வாங்கியதும் எல்லாவற்றையும் பிரித்துத்தான் வைத்துக்கொள்ளும். அங்கிருந்து நீங்கள் ஏற்றியபோது பிரிந்த பெயரே புதிய சர்வருக்குப் போய்விட்டது. இசட்எஃப்எஸ் கொடுத்த பைட்டை அப்படியே வைத்துக்கொள்ளும். ஆர்சிங்குக்கு எழுத்து தெரியாது, பைட்தான் தெரியும். பழைய சர்வரில் 'தொ' 6 பைட், புதியதில் 9 பைட். அதற்கு அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள்.

நம்பிக்கை இல்லை என்றால் இரண்டு சர்வரிலும் ஃபோல்டர் பட்டியலை 'ஓடி' (பைட்டுகளைக் காட்டும்) கட்டளைக்குள் விட்டு பைட்டுகளை எண்ணிப் பாருங்கள். 'அட்டைகள்' என்ற பெயரில் ஒகரமே இல்லை, அதனால்தான் அது தப்பியது.

சரிசெய்ய கான்வ்எம்வி என்று கோப்புப் பெயரை மாற்றும் ஒரு கருவி உண்டு, ஃப்ரீபிஎஸ்டி போர்ட்ஸில் (மென்பொருள் தொகுப்பு) கிடைக்கும். புதிய சர்வரில், யுடிஎஃப்8-இலிருந்து யுடிஎஃப்8-க்கு என்று சொல்லி, என்எஃப்சி (பிரிந்த குறியீடுகளைச் சேர்த்தெழுதும்) ஆப்ஷன் கொடுத்து, உள்ளே உள்ள ஃபோல்டர்களையும் சேர்த்து ஓட்டுங்கள். முதலில் அது எதையும் மாற்றாது, என்ன செய்யப்போகிறது என்று காட்டும். பார்த்துவிட்டு நோடெஸ்ட் ஆப்ஷனோடு மறுபடி ஓட்டினால்தான் பெயரை மாற்றும். ஒரு பைட்கூட இழுக்க வேண்டியிருக்காது.

#18 கருந்திரை

அருமை நிலா. இதைத் தெரிந்துகொள்ளாமல் எத்தனை முறை மறுபடி முழுசாக இழுத்திருப்பேனோ.

'அட்டைகள்' விஷயம் சாதாரணமானது. டி என்றால் கோப்பு மாறிய நேரம் பொருந்தவில்லை. எஸ்சிபியில் நேரத்தைக் காக்கும் ஆப்ஷன் போடாமல் ஏற்றியிருக்கிறீர்கள், அதனால் எல்லாவற்றிலும் ஏற்றிய நேரம் விழுந்திருக்கிறது. ஆர்சிங்க் வழக்கமாக அளவையும் நேரத்தையும் மட்டும்தான் பார்க்கும், இரண்டில் ஒன்று மாறினாலும் கோப்பைக் கையில் எடுக்கும். பெயரைச் சரிசெய்தபின் 'தொகுதி'களுக்கும் இதே டி வரப்போகிறது. ஒரே ஒருமுறை செக்சம் ஆப்ஷனோடு ஓட்டுங்கள். இரண்டு பக்கமும் 400 ஜிபியைப் படித்து முடிக்கும்வரை வட்டுகள் முனகும், ஆனால் ஒன்றாக இருக்கும் கோப்புகளுக்கு நேரத்தை மட்டும் மாற்றிவிட்டுப் போகும். எஸ்சிபியில் ஏதாவது கோப்பு பாதியில் கெட்டிருந்தால் அதையும் பிடித்துக் கொடுக்கும். மறுநாள் முதல் அந்த ஆப்ஷனை எடுத்துவிடுங்கள், தினமும் அது வேண்டாத செலவு.

சைஸ்-ஒன்லி போட்டால் சீக்கிரம் முடியும் என்று யாராவது சொல்வார்கள். அளவு ஒன்றாக இருந்து உள்ளடக்கம் மாறியிருந்தால் கண்டுகொள்ளாது, வேண்டாம்.

#19 மின்மினி

படங்கள்தானே, சின்ன எழுத்து இசட் போட்டுச் சுருக்கி அனுப்பினால் வேகமாகப் போகாதா?

#20 கருந்திரை

ஜேபெக் ஏற்கெனவே சுருங்கியது. மறுபடி சுருக்கினால் சிபியு சூடாகும், அவ்வளவுதான்.

#21 ஆந்தைவிழி

கான்வ்எம்வி ஓட்டியாயிற்று. அடுத்த டிரை ரன்னில் அழிக்கிறேன் என்று ஒரு வரிகூட வரவில்லை, நிம்மதியாக ஒரு தேநீர் போட்டுக் குடித்தேன். செக்சம் ஓட்டம் 7 மணி நேரம் எடுத்தது. 11 லட்சத்தில் 3 கோப்புகள் மட்டும் உண்மையிலேயே மாறுபட்டிருந்தன. மூன்றும் ஒரே இரவில் ஏற்றியவை. அன்று என் இணைப்பு அறுந்து அறுந்து வந்தது நினைவிருக்கிறது.

இன்னும் சின்னச் சந்தேகங்கள். ஓனர் பெயர் எல்லாம் மாறி வருகிறது. டேட்டாபேஸ் ஃபோல்டரையும் இதே பட்டியலில் சேர்த்துவிடலாமா? கிரானில் ஒன்று முடிவதற்குள் அடுத்தது தொடங்கிவிட்டால்?

#22 பழைய_ஏணி

கடைசியிலிருந்து வருகிறேன்.

ஒரே வேலை இரண்டு முறை ஓடாமல் பூட்ட லினக்ஸில் ஃப்ளாக் என்று ஒரு கட்டளை, ஃப்ரீபிஎஸ்டியில் அதே வேலைக்கு லாக்எஃப். உங்கள் ஸ்கிரிப்ட் புதிய சர்வரில் ஓடுவதால் லாக்எஃப்தான். காத்திருக்கும் நேரம் 0 என்று கொடுத்தால், முந்தையது ஓடிக்கொண்டிருக்கும்போது புதியது காத்திருக்காமல் திரும்பிவிடும்.

டேட்டாபேஸ் ஃபோல்டரை ஓடிக்கொண்டிருக்கும்போது நகலெடுக்கவே கூடாது. ஆர்சிங்க் முதல் கோப்பைப் படிக்கும்போது ஒரு நிலை, கடைசிக் கோப்பைப் படிக்கும்போது இன்னொரு நிலை. இரண்டையும் சேர்த்தால் எந்தக் கணத்திலும் இருந்திராத ஒரு டேட்டாபேஸ் கிடைக்கும். சில சமயம் திறக்கக்கூடச் செய்யும், அதுதான் பயங்கரம். பழைய சர்வரிலேயே ஒத்திசைவுக்கு அரை மணி நேரம் முன்பு டம்ப் (முழு டேட்டாபேஸும் ஒரே கோப்பாக) எடுத்து வையுங்கள். அதையும் முதலில் ஒரு தற்காலிகப் பெயரில், ஒத்திசைவுக்குள் வராத இடத்தில் எழுதிவிட்டு, முடிந்ததும் அதே வட்டுக்குள் எம்வி (பெயர் மாற்றி நகர்த்தும் கட்டளை) போடுங்கள். பாதி எழுதிய டம்ப் போய்ச் சேராது.

ஓனர் விஷயம். ஆர்சிங்க் யூசரைப் பெயரால் பொருத்தப் பார்க்கும், அங்கே அந்தப் பெயர் இல்லாவிட்டால் எண்ணைப் பயன்படுத்தும். டெபியனில் வெப் யூசர் எண் 33, ஃப்ரீபிஎஸ்டியில் 80, பெயரும் வேறு. ஓனரை மாற்ற ரூட் வேண்டும், அதற்காக இழுக்கிற வேலையை ரூட்டில் ஓட்டாதீர்கள். உங்களுக்கு இது ஒரு பிரதிதான் என்றால் ஓனரைப் பற்றிக் கவலையே வேண்டாம், விட்டுவிடுங்கள். மீட்கும்போது அப்படியே வேண்டும் என்றால் ஃபேக்-சூப்பர் என்றொரு ஆப்ஷன், உண்மையான ஓனரைக் கோப்பின் கூடுதல் பண்புகளுக்குள் எழுதி வைக்கும். ஏசிஎல்லை (விரிவான அனுமதிப் பட்டியல்) மட்டும் இழுக்க முயலாதீர்கள். டெபியனில் இருப்பது போசிக்ஸ் வகை, இசட்எஃப்எஸ்ஸில் என்எஃப்எஸ்4 வகை, இரண்டும் ஒட்டாது.

எக்ஸிட் கோடு 24 வந்தால் பதறாதீர்கள். பட்டியல் எடுத்தபோது இருந்த ஏதோ ஒரு கோப்பு அனுப்பும்போது இல்லை, அவ்வளவுதான். நேரடியாக இயங்கும் சர்வரில் அது சகஜம். 23 வந்தால் லாகைப் படியுங்கள். 255 வந்தால் பெரும்பாலும் எஸ்எஸ்ஹெச்சே இணையவில்லை.

#23 ஆந்தைவிழி

மூன்று இரவு ஓடிவிட்டது. நேற்று மாறியது 610 எம்பி, 19 நிமிஷத்தில் முடிந்தது, அதில் பெரும்பகுதி 11 லட்சம் பெயர்களைப் பட்டியலிடுவதற்கே போயிருக்கும். லேப்டாப் பையை விட்டு வெளியே வரவில்லை.

சாவியையும் சோதித்தேன். அதை வைத்து எஸ்எஸ்ஹெச்சில் நுழையப் பார்த்தேன், ஷெல் தரவில்லை. பழைய சர்வருக்கு ஒரு கோப்பை எழுதப் பார்த்தேன், மறுத்துவிட்டது. லேப்டாப்புக்கு அந்தச் சாவியை நகலெடுத்து அங்கிருந்து முயன்றேன், ஐபி பொருந்தாததால் கிட்டேயே சேர்க்கவில்லை. நகலை உடனே அழித்துவிட்டேன், திட்டாதீர்கள்.

#24 நெய்தல்நிலா

மகிழ்ச்சி. டெலிட் போட்டுவிட்டீர்களா?

#25 ஆந்தைவிழி

அடையாளக் கோப்பு, ஸ்னாப்ஷாட் இரண்டும் தயார். மேக்ஸ்-டெலிட் 200 என்று வைத்திருக்கிறேன். ஆனால் இன்னும் போடவில்லை தோழி. இந்த வாரம் முழுக்க டெலிட்டை டிரை ரன்னில் மட்டும் ஓட்டி, காலையில் எழுந்ததும் அந்தப் பட்டியலை ஒரு பார்வை பார்க்கிறேன். நேற்று 4 வரி, முந்தாநாள் 0. 'தொகுதி' என்று வருகிறதா என்றுதான் முதலில் தேடுகிறேன்.